உங்கள் ஏரியாவில் தெருவுக்குத் தெரு வழி இருக்கிறதா? பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

சேலையூரில் தொடங்கி ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரை, வயலாக இருந்ததெல்லாம் மனையாக மாறியபோது அதில் தெரு எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஆட்டோகேடில் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன். லேஅவுட் வரைவதுதான் பிழைப்பு. அதனால் யாராவது "எங்க ஏரியாவுல ரோடெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, ஆனா பக்கத்து நகருக்குப் போகணும்னாலும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் போகணும்" என்று சொன்னால், அந்த ஏரியாவின் படம் எனக்குப் பார்க்காமலேயே கண்ணுக்குள் வந்துவிடும்.

ஓர் ஊரில் எத்தனை கிலோமீட்டர் தார் ரோடு, எத்தனை கிலோமீட்டர் சிமென்ட் ரோடு என்று உள்ளாட்சியில் கேட்டால் சொல்வார்கள். அந்த ரோடுகள் எத்தனை இடத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பென்சில், இரண்டு மூன்று கலர் ஸ்கெட்ச் பேனா, ஏ3 தாளில் ஒரு மேப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அப்புறம் ஒரு சாயங்காலம் நடக்க வேண்டியிருக்கும்.

மேப்பும் அதன் எல்லையும்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் வீட்டை நடுவில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் வருகிற மாதிரி எடுத்து ஜெராக்ஸ் கடையில் ஏ3-யில் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பே போதாதா என்றால், வழி கண்டுபிடிக்க அது போதும். தெருவை எண்ணுவதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் வசதி. கடைகளின் பெயர் எல்லாம் மேலே வந்து மறைக்காது, நடைபாதையைத் தனிக் கோடாகக் காட்டும். புறநகரில் சில தெருக்கள் அதில் விட்டுப்போயிருக்கும். சாட்டிலைட் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு விட்டுப்போனதைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள்.

எல்லையை வார்டு எல்லையாக வைத்துவிடாதீர்கள். வார்டு எல்லைகள் பெரும்பாலும் ரயில் பாதை, கால்வாய், ஏரிக்கரை ஓரமாகத்தான் போகும். நாம் பார்க்க வேண்டியதே அந்த இடங்களைத்தான். அவை தாளின் ஓரத்துக்குப் போகாமல், சதுரத்தின் நடுவில் எங்கேயாவது விழுகிற மாதிரி படத்தை நகர்த்திக்கொள்ளுங்கள்.

எந்தத் தெரு எப்போது வந்தது

தெருக்களை எண்ணுவதற்கு முன்னால் அவற்றை வயது பார்த்துப் பிரிக்க வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு மொத்தமாக ஒரே எண் போட்டால், உள்ளே ஒரு பழைய கிராமமும் நான்கு லேஅவுட்டும் கலந்து ஒரு சராசரி வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வயதைக் கண்டுபிடிக்க எளிய வழி பத்திரம். அப்ரூவ்டு மனையாக இருந்தால் கிரயப் பத்திரத்தில் லேஅவுட் எண் இருக்கும், அந்த எண்ணின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆண்டு இருக்கும். உங்கள் தெருவில் ஒருவரும் அடுத்த நகரில் ஒருவரும் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டு லேஅவுட்டின் வயது தெரிந்துவிடும். லேஅவுட்டுக்கு அனுமதி தருகிற அரசு அமைப்புகளான சிஎம்டிஏ, டிடிசிபி தளங்களிலும் அனுமதி பெற்ற லேஅவுட்டுகளின் படங்களைத் தேடலாம். அப்ரூவல் இல்லாத மனை என்றால் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, மேலே இருக்கிற கடிகாரப் படத்தை அழுத்திப் பின்னால் போங்கள். சென்னைப் பக்கத்துக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்து தெளிவான படங்கள் கிடைக்கின்றன. ஏர் ஓட்டிய வயல், செம்மண் கோடு, முதல் வீடு என்று வரிசையாகத் தெரியும்.

இரண்டுமே கைகொடுக்காவிட்டால் பெயரைப் பாருங்கள். தலைவர்களின் பெயரில் நகர் என்றால் ஒரு காலம். சாமி பெயரில் நகர் என்றால் அதை ஒட்டிய இன்னொரு காலம். அவென்யூ, என்க்ளேவ், கார்டன் என்று முடிந்தால் நான் வேலைக்கு வந்த பிறகு வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இது சட்டப்படியான ஆதாரமில்லைதான், ஆனால் பெரும்பாலும் தவறாது.

கிராம நத்தத்துக்கு, அதாவது பழைய ஊர்க் குடியிருப்புக்கு, ஒரு கலர், 2000-க்கு முன் வந்த நகர்களுக்கு ஒரு கலர், அதற்குப் பின் வந்தவற்றுக்கு ஒரு கலர். மூன்று போதும்.

முனையும் துண்டும்

இப்போது எண்ணலாம். இரண்டு விஷயம்தான். தெருக்கள் மூன்றோ நான்கோ சேருகிற இடமும், தெரு முடிந்து நிற்கிற இடமும் முனை. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் இருப்பது துண்டு. தெரு வெறுமனே வளைந்து திரும்பினால் அது முனையில்லை, ஒரே துண்டுதான். சதுரத்துக்கு வெளியே போகிற தெருவைத் துண்டாக எண்ணுங்கள், வெளியே இருக்கிற அதன் மறுமுனையை எண்ண வேண்டாம். துண்டுகளின் எண்ணிக்கையை முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இணைப்பு விகிதம்.

ஒரு சின்னப் படத்தில் போட்டுப் பார்ப்போம். கிழக்கு மேற்காக ஒரு மெயின் ரோடு. அதிலிருந்து வடக்கே நான்கு தெருக்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் 150 மீட்டர் போய்ச் சுவரில் முட்டி நிற்கின்றன. எங்கள் பக்கம் புதிய லேஅவுட்டில் பாதி இந்தச் சீப்பு மாதிரிதான் இருக்கும். முனைகள்: மெயின் ரோட்டில் 4, தெருக்கோடியில் 4, மொத்தம் 8. துண்டுகள்: தெருக்கள் 4, மெயின் ரோட்டில் முனைகளுக்கு இடையே 3, இரண்டு பக்கமும் வெளியே போவது 2, மொத்தம் 9. விகிதம் 9/8, அதாவது 1.13.

அந்த நான்கு தெருக்கோடிகளையும் சேர்த்து ஒரே ஒரு குறுக்குத் தெரு போடுங்கள். ஓரத்து இரண்டு கோடிகளும் வெறும் திருப்பமாகிவிடும், முனைக் கணக்கில் வராது. நடு இரண்டும் முச்சந்தி. இப்போது முனை 6, துண்டு 10. விகிதம் 1.67. ஒரே தெருவில் இவ்வளவு வித்தியாசம்.

எது நல்ல எண்? முழுக்க மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போய் எங்கேயும் மறுபடி சேராத அமைப்பில் விகிதம் 1-ஐ ஒட்டி வரும். முழுக்கக் கட்டம் கட்டமாக நாற்சந்தி என்றால் 2-ஐ ஒட்டி வரும். அமெரிக்காவில் புதிய குடியிருப்புக்கு அனுமதி தரும் சில ஊர்கள் 1.4 என்பதைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. நானும் அதையே அளவாக வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஆச்சரியம் இங்கேதான் வரும். கோணலும் மாணலுமாக, கார் நுழையாத சந்துகளோடு இருக்கிற கிராம நத்தம் நல்ல விகிதம் காட்டும். நேர்க்கோட்டில், 30 அடி அகலத்தில், இரண்டு பக்கமும் மரம் வைத்த புது லேஅவுட் 1.1-இல் நிற்கும். கோணல் என்பது வேறு, தொடர்பு இல்லாதது என்பது வேறு. கோயிலுக்கு ஒரு வழி, குளத்துக்கு ஒரு வழி, களத்துமேட்டுக்கு ஒரு வழி என்று நடந்து நடந்து உண்டான ஊரில் ஒரு சந்து அடைபட்டால் இன்னொரு சந்து இருக்கும்.

நகரத்துக்குள் வந்தால் அண்ணா நகரைப் பாருங்கள். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, வீட்டு வசதி வாரியம் மொத்த நிலத்தையும் கையில் வைத்துக்கொண்டு போட்ட லேஅவுட் அது. அவென்யூவும் மெயின் ரோடும் எண் போட்டு ஓடும், பிளாக்குகளுக்கு ஆங்கில எழுத்து. 1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்துப் போட்ட தி.நகரில் பனகல் பூங்காவை நோக்கி ஜி.என். செட்டி சாலை, வெங்கடநாராயணா சாலை, உஸ்மான் சாலை என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேரும். இரண்டிலுமே மொத்த நிலத்துக்கும் சேர்த்து ஒரே கை வரைந்திருக்கிறது. எங்கள் பக்கம் ஐந்து ஏக்கருக்கு ஒரு கை, ஏழு ஏக்கருக்கு இன்னொரு கை.

சுற்றுக் கணக்கு

விகிதம் மட்டும் போதாது. அடுத்து, நேர்தூரத்துக்கும் நடைதூரத்துக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, மருந்துக் கடை, கோயில், உங்கள் வீட்டுக்கு நேர் பின்புறம் இருக்கிற வீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலால் நேர்தூரத்தை அளந்து, போனில் நடைதூரத்தைப் பார்த்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்து விடுங்கள்.

சரியான கட்டம் போட்ட ஊரில் மூலைக்கு மூலை போனாலும் இது 1.41-ஐத் தாண்டாது. எல்லாத் திசைக்கும் சராசரி போட்டால் 1.27 வரும். எனவே 1.5 வரை விட்டுவிடலாம். 2-க்கு மேல் போனால் நடுவில் ஏதோ மறிக்கிறது, என்ன என்று பாருங்கள். மேலே போட்ட சீப்பில், அடுத்தடுத்த இரண்டு தெருக்கோடிகளில் இருக்கிற இரண்டு வீடுகளுக்கு இடையே 40 மீட்டர்தான். மாடியில் நின்று பேசிக்கொள்ளலாம். நடந்து போனால் 150 போய், 40 நகர்ந்து, 150 திரும்பி வர வேண்டும். 340 மீட்டர். எட்டரை மடங்கு. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தனுப்ப பைக்கை எடுக்கிற பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

பின்வீட்டை மறக்காமல் பட்டியலில் சேருங்கள். பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் பெரும்பாலும் மெயின் ரோட்டில் இருக்கும், அவற்றுக்கு எண் நன்றாகத்தான் வரும். குட்டு வெளிப்படுவது பின்வீட்டுக் கணக்கில்தான்.

இரண்டு கலர் சந்திக்கிற கோடு

இந்தக் கணக்கிலேயே எனக்கு முக்கியமானது இதுதான். ஒரு நகருக்கு உள்ளே தெருக்கள் சேர்ந்திருக்கலாம், அடுத்த நகருக்குள்ளும் சேர்ந்திருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிகூட இல்லாமலும் இருக்கலாம். ஊர் வளர்வது ஓரத்தில். தொடர்பு விட்டுப்போவதும் அந்த ஓரத்தில்தான்.

உங்கள் படத்தில் இரண்டு கலர் சந்திக்கிற கோட்டைக் கொஞ்சம் அழுத்தி வரையுங்கள். அதன் நீளத்தை அளந்து, அதைக் கடக்கிற தெருக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ரயில் பாதை, கால்வாய், ஏரி, பெரிய அரசு வளாகம் இவற்றின் ஓரத்துக்கும் இதே மாதிரி. நீளத்தை எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை மீட்டருக்கு ஒரு வழி என்று வரும். நடக்கிறவருக்கு 200 மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும் என்பது என் கருத்து.

தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உள்ளுக்குள் நெருக்கமாகச் சேர்ந்த தெருக்கள், தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இரண்டும் பாஸ். நடுவில் ரயில் பாதை. வண்டியில் கடக்க வேண்டுமென்றால் கோடம்பாக்கம் மேம்பாலம், துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று சிலதான். பெருமழை பெய்தால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிடும், அப்போது மேம்பாலம் ஒன்றுதான். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-இல் ஆகாய நடைபாதை திறந்தார்கள். நடக்கிறவர்களுக்கு அந்த ஒரு இடத்தில் கோடு கொஞ்சம் திறந்திருக்கிறது.

இன்னும் பெரிய அளவில் பார்க்க ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போங்கள். அதுவும் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் பக்கிங்காம் கால்வாய். சோழிங்கநல்லூரில் அக்கரைக்குப் போகிற இணைப்புச் சாலையை விட்டுவிட்டால், தெற்கே வண்டி போகிற அடுத்த பெரிய இணைப்பு கேளம்பாக்கம்–கோவளம் சாலைதான். நடுவில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்.

ஓரத்தைச் சரியாகக் கையாண்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் மதுரை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சுற்றுச்சுற்றாக இருந்த ஊரைக் கோட்டைச் சுவரும் அகழியும் அடைத்திருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த மாரெட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரிலும் அங்கே இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. அடைத்துக்கொண்டிருந்த கோடே வெளி வீதியாகிவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் நகரில் இரண்டு லேஅவுட்டுக்கு நடுவே நிற்கிற காம்பவுண்டுச் சுவர் அப்படி ஒரு வீதியாகும் என்று எனக்குத் தெரியாது, நான் அவ்வளவு நம்பிக்கைக்காரன் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது

ஒரு புரமோட்டர் ஒரு சர்வே எண்ணை வாங்குகிறார். நீளமான நஞ்சை நிலம், முன்பக்கம் மட்டும் ரோட்டைத் தொடும். பின்னால் இருக்கிற நிலம் இன்னொருவருடையது, அவர் இப்போது விற்கிற யோசனையில் இல்லை. "பின்னாடி வரைக்கும் ரோட்டை விடுவோமா?" என்று நான் கேட்பேன். "எதுக்கு சார், அவன் மனைக்கு நான் ரோடு போட்டுக் கொடுக்கணுமா?" என்பார்.

அவர் கேட்பதில் கணக்கு இருக்கிறது. கடைசி வரிசை மனை 80 அடி ஆழம், ரோடு 30 அடி அகலம் என்று வையுங்கள். ரோட்டை எல்லை வரை நீட்டினால் போவது 2,400 சதுர அடி. சரியாக ஒரு கிரவுண்ட். இரண்டு ஊர்களை இணைக்கிற வழியின் விலை ஒரு கிரவுண்டு மனை, அதைக் கொடுக்க வேண்டியவர் அதனால் ஒரு பைசா லாபம் பார்க்காதவர். அனுமதி தருகிற அலுவலகம், பக்கத்து லேஅவுட்டில் ஏற்கெனவே ரோடு இருந்தால் அதோடு சேர்க்கச் சொல்வதுண்டு. பக்கத்தில் இன்னும் வயலாக இருந்தால் எதோடு சேர்க்கச் சொல்வது?

இன்னொரு வித்தையும் உண்டு. ரோட்டை எல்லை வரை கொண்டுபோய், கடைசியில் ஓர் அடி மட்டும் தன் பெயரில் விட்டுக்கொள்வது. படத்தில் தெரு எல்லையைத் தொடுகிற மாதிரி இருக்கும். நாளைக்கு பின்னால் மனை போடுகிறவர் அந்த ஓர் அடியைத் தாண்ட இவரிடம் வந்து பேச வேண்டும், பேச்சென்றால் பணம். நீங்கள் மனை வாங்கப் போகும்போது தெருக்கோடியில் நின்று, "இந்த ரோடு கடைசிக் கல் வரைக்கும் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்ததா?" என்று கேளுங்கள். லேஅவுட்டில் ரோடும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போக வேண்டும், அந்தப் பத்திரத்தில் ரோட்டின் அளவு இருக்கும். படத்தையும் பத்திரத்தையும் ஒப்பிட்டால் அந்த ஓர் அடி மாட்டிக்கொள்ளும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தெருக்களை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்து, தொடர்பற்ற தெருக்கள் அங்கே 1990-களின் நடுவில் உச்சம் தொட்டு அப்புறம் குறைந்தன என்று 2015-இல் எழுதினார்கள். 2020-இல் உலகம் முழுக்கப் பார்த்தபோது, பல நாடுகளில் புதிதாக வளர்கிற பகுதிகள் முன்பைவிடத் தொடர்பு குறைந்தே வருகின்றன என்று வந்தது. தெரு ஒரு தடவை போட்டால் போட்டதுதான், வீடுகள் இரண்டு மூன்று தடவை இடித்துக் கட்டினாலும் தெரு மாறாது என்பதும் அவர்கள் அழுத்திச் சொல்வது. வீட்டில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த பிள்ளைகள் இருந்தால், ஜெஃப் போயிங் எழுதிய ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற இலவச நிரல் தொகுப்பைக் காட்டுங்கள். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் முனை, துண்டு, முட்டுச் சந்தின் விகிதம் எல்லாம் கொட்டும். ஆனால் இரும்புக் கேட்டு பூட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

நடந்து பார்ப்பது

அதனால்தான் நடக்க வேண்டும். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அழுத்தி வரைந்த கோடுகளின் ஓரமாக மட்டும் நடந்தால் போதும். ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம்.

பார்க்க வேண்டியது இரண்டு வகை. ஒன்று, படத்தில் வழி இருந்து தரையில் இல்லாதது: சங்கத்துக்காரர்கள் ராத்திரி பூட்டுகிற கேட், ரோட்டின் நடுவே நட்ட இரும்புக் கம்பம், தெருக்கோடியில் கட்டிவிட்ட பிள்ளையார் கோயில். கேட் என்றால் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று காவலாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, படத்தில் இல்லாமல் தரையில் இருப்பது. காம்பவுண்டுச் சுவரில் நான்கு ஹாலோ பிளாக் பெயர்ந்த ஓர் ஓட்டை இருக்கும். இரண்டு பக்கமும் மண் இறுகிப் பளபளவென்று இருக்கும், ஓட்டையின் கீழ் விளிம்பில் சிமென்ட் தேய்ந்து வழவழவென்றிருக்கும், பக்கத்தில் ஒரு கல்லைப் படியாகப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அங்கே பத்து நிமிடம் நின்றால், வழி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். அதைச் சிவப்பு வட்டம் போட்டுக் குறியுங்கள்.

முட்டுச் சந்துகளில் இன்னொன்றைக் கவனியுங்கள்: தெருக்கோடியில் தண்ணீர் லாரி திரும்ப இடம் இருக்கிறதா? இல்லையென்றால் வந்த வழியே ரிவர்ஸில் போக வேண்டும். கிளீனர் பையன் பின்னால் தட்டிக்கொண்டே நடக்க, வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரை எல்லாம் ஒவ்வொருவராக வந்து நகர்த்துவார்கள். ஆம்புலன்ஸுக்கும் அதே கதைதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முட்டுச் சந்து எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதும், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான். குறுக்கே வழி விட்டால் மெயின் ரோட்டு நெரிசல் எல்லாம் இங்கே திரும்பிவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. காருக்கு அடைத்துவிட்டு நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் ஆறடி விட்டால் போதும். நான் கணக்கை எப்போதும் இரண்டாகப் போடுவேன்: காருக்கு ஒன்று, நடைக்கு ஒன்று. நடைக்கு 1.4 வந்துவிட்டால் காருக்குக் குறைவாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

புலப்படத்தில் தேடுவது

இப்போது உங்கள் கையில் இரண்டு மூன்று சிவப்பு வட்டம் இருக்கும். அவற்றில் எது நடக்கிற காரியம் என்று பார்க்க, வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா பார்க்கிற இடத்திலேயே புலப்படத்தையும் எடுங்கள். எஃப்எம்பி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அந்த சர்வே எண்ணின் எல்லையும் உட்பிரிவும் அதில் இருக்கும். பக்கத்து எண்ணுக்கும் இதற்கும் நடுவே ஒரு மெல்லிய பட்டை தனி எண்ணோடு ஓடினால் சந்தோஷப்படுங்கள். அதை வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்த்தால் வண்டிப்பாதை, பாதை, வாய்க்கால் என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும், வகையில் புறம்போக்கு என்றிருக்கும்.

இங்கே வயசானவர்களின் உதவி தேவை. செம்பாக்கம் பக்கம் ஒரு தடவை அளக்கப் போயிருந்தபோது, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, நீ நிக்கறது வண்டிப்பாத. நெல்லு மூட்ட ஏத்திக்கிட்டு ஏரிக்கர வரைக்கும் இதுலதான் போவோம்" என்றார். சுற்றிலும் முள் மண்டிக் கிடந்தது. புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது அவர் கைகாட்டிய இடத்திலேயே பட்டை ஓடியது. இரண்டு நகர்களின் பின்சுவர்களுக்கு நடுவே, சர்க்கார் நிலமாக, சும்மா கிடந்தது.

இப்படிப் பாதைப் புறம்போக்கு இருந்தால் கேட்பது சுலபம், யாருடைய மனையும் போகாது. வாய்க்கால் என்றால் அதை மூடி ரோடு போடச் சொல்லாதீர்கள், மழைக்குத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கரையோரம் நடைவழியும் குறுக்கே ஒரு சின்னப் பாலமும் கேளுங்கள். புறம்போக்கு எதுவுமே இல்லையென்றால் மிச்சம் இருப்பது பூங்காவுக்கு விட்ட இடம். இரண்டு லேஅவுட்டின் பூங்காவும் முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம், ஏனென்றால் விற்காத மூலையைத்தான் பூங்காவுக்கு ஒதுக்குவார்கள். நடுச்சுவரில் இரண்டு பக்கமும் சின்ன கேட் வைத்தால் போதும்.

மனு எழுதும்போது "எங்கள் பகுதியில் சாலை வசதி இல்லை" என்று எழுதாதீர்கள். அது தார் போடுகிற பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும். கிராமம், சர்வே எண், இரண்டு நகர்களின் லேஅவுட் எண், கேட்கிற வழியின் நீளம் அகலம், இப்போது நடைதூரம் எவ்வளவு, வழி விட்டால் எவ்வளவு என்று எழுதுங்கள். புலப்பட நகல், அ-பதிவேட்டு நகல், சுவர் ஓட்டையின் போட்டோ மூன்றையும் இணையுங்கள். ஊராட்சியாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-இல் கூடுகிற கிராம சபையில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் பகுதி சபையில் கவுன்சிலரிடம் கொடுத்து, ஒரு நகலை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நகரின் சங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தால் கோப்பு நகரும். ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தால், "அவங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பக்கத்தில் இன்னும் மனையாகாத நிலம் இருந்தால் அவசரம் அங்கேதான். மனை எல்லைக்கான மஞ்சள் கல் நடுவதற்கு முன்பே, உங்கள் தெருக்கோடி எந்த சர்வே எண்ணைத் தொடுகிறது என்று குறித்து, அந்த எண்ணில் லேஅவுட் விண்ணப்பம் வந்தால் இந்தத் தெருவோடு சேர்க்கச் சொல்லி சிஎம்டிஏவுக்கோ டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்கோ ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். என் மாதிரி ஆட்கள் படத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கும்போது, அந்தக் கடிதம் கோப்பில் இருந்தால் ரோட்டை எல்லை வரை வரையச் சொல்லித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.